வாய் பேசாவிட்டால் மக்கா?

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும் சாக்கில் ஆட்டிசம் பற்றி, அதாவது பேசுவதும் பிறரோடு பழகுவதும் மற்றவர்களைப் போல வராத, பிறவியிலேயே வேறு விதமாக அமைந்த மூளை வளர்ச்சி பற்றி, நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரிக்கு வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் இந்த மாதம் வேறு எதற்கும் இடம் இருக்காது போலிருக்கிறது. சரி, இருக்கட்டும். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் கேள்வி சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "இந்தப் பிள்ளைக்கு அறிவு இருக்கா, இல்லையா?" கேட்பது சில சமயம் அம்மா, சில சமயம் வாத்தியார். ஒரு கடிதத்தில் அந்தப் பிள்ளையே வளர்ந்து ஆளாகி வந்து கேட்டிருக்கிறது. நான் டாக்டர் கிடையாது. சிறப்புப் பள்ளியில் 22 வருடம் டீச்சராக இருந்தவள், அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

டீச்சர், என் மகனுக்கு 6 வயது. பேச்சு இல்லை, எப்போதாவது "ம்மா" என்பான். போன மாதம் டெஸ்ட் எடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் முடித்து, ரிப்போர்ட்டில் 48 என்று போட்டு, மிதமான அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அவனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார், "அவனுக்கு என்ன புரியப்போகுது" என்கிறார். ஆனால் என் போன் பேட்டர்னை ஒரே தடவை பார்த்துவிட்டு அப்படியே போடுகிறான். கேஸ் வண்டி தெருமுனையில் வரும்போதே கேஸ் புக்கை எடுத்து வந்து நீட்டுகிறான். டெஸ்ட் தப்பா, இல்லை நான்தான் பெற்ற பாசத்தில் ஏமாறுகிறேனா?
*ஒரு தாய், தஞ்சாவூர்*

அம்மா, முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து 48-க்குப் பக்கத்தில் ஐ.க்யூ என்று இருக்கிறதா, எஸ்.க்யூ என்று இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் பேசாத சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எடுப்பது வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், ரிப்போர்ட்டில் வி.எஸ்.எம்.எஸ். என்று போட்டிருப்பார்கள். அதில் பிள்ளையிடம் எதுவும் கேட்பதில்லை, உங்களிடம்தான் கேட்பார்கள். தானே சாப்பிடுகிறானா, பட்டன் போடுகிறானா, பக்கத்து வீட்டுக்குத் தனியாகப் போய் வருகிறானா, மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறானா. அதிலிருந்து வருகிற எண் எஸ்.க்யூ. அன்றாட வாழ்க்கையை எவ்வளவு தானாகப் பார்த்துக்கொள்கிறான் என்பதற்கான எண் அது. அதுவும் தேவையான எண்தான், ஆனால் மூளைக்குள் என்ன ஓடுகிறது என்பதை அது சொல்லாது. இதை ஐ.க்யூ என்று நினைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்த பெற்றோரை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஐ.க்யூ என்றே இருந்தால் அடுத்த கேள்வி, எந்த டெஸ்ட்? பினே காமத் டெஸ்ட் என்றால் அதில் பாதிக்கு மேல் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்குவது. செகுவின் பலகை என்றால் பத்து மரத்துண்டுகளை அந்தந்தக் குழியில் எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறான் என்று கடிகாரத்தை வைத்துப் பார்ப்பது. நட்சத்திரத் துண்டைக் கையில் எடுத்து அதன் ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு நிமிடம் ரசித்துவிட்டு, பிறகு சரியாகப் பொருத்திய ஒரு பெண் குழந்தையை எனக்குத் தெரியும். ஒரு துண்டுகூடத் தப்பவில்லை. ஆனால் நேரம் போய்விட்டது, மார்க்கும் போய்விட்டது.

இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கனடாவில் மாண்ட்ரியலில் ஒரு ஆய்வுக் குழு 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் மிஷெல் டாசன், அவரே ஆட்டிசம் உள்ளவர், முன்பு தபால் துறையில் வேலை பார்த்தவர். ஆட்டிசம் உள்ள 38 பிள்ளைகளுக்கு இரண்டு டெஸ்ட் வைத்தார்கள். ஒன்று வெக்ஸ்லர், உலகம் முழுக்கப் புழங்குவது, பேச்சு நிறைய வேண்டும். இன்னொன்று ரேவன்ஸ் மேட்ரிசஸ். ஒரு பெரிய கோலத்தில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும், கீழே இருக்கும் துண்டுகளில் எது அங்கே பொருந்தும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான், பேச்சே வேண்டாம். ஆனால் சுலபமான டெஸ்ட் என்று நினைக்காதீர்கள், யோசிக்கும் திறனைப் பார்ப்பதில் பேர் போனது அது. வெக்ஸ்லரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை அறிவுத்திறன் குறைபாடு என்ற வரம்பில் விழுந்தது. அதே பிள்ளைகளுக்கு ரேவன்ஸ் வைத்தால் இருபதில் ஒன்றுதான் விழுந்தது. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள், அவர்களுக்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வந்தது.

அதே ஊரில் 2015-இல் இன்னொரு ஆய்வு, இது உங்கள் மகன் மாதிரி பேச்சே இல்லாத அல்லது ஓரிரு வார்த்தை மட்டும் பேசும் 30 பிள்ளைகளை வைத்து. வெக்ஸ்லரை முழுதாக முடித்தவர்கள் ஒருவர்கூட இல்லை. ரேவன்ஸை அட்டைப் புதிர் மாதிரி கையில் எடுத்துப் பொருத்தும்படி செய்து கொடுத்ததும் 17 பேர் முடித்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் வயதுக்கேற்ற வரம்புக்குள்ளேயே வந்தார்கள்.

அதனால் உங்கள் மகனுக்கு 48 இல்லை, சராசரியான 100 இருக்கிறது என்று நான் சொல்லிவிட முடியாது. சொல்லவும் மாட்டேன். அந்த முக்கால் மணி நேரத்தில், புது அறையில், புது மனிதர் முன்னால், டக் டக் என்று சத்தம் போடும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, விரலை நீட்டிக் காட்டத் தெரியாத ஒரு பிள்ளை என்ன செய்தானோ அதற்குத்தான் அந்த எண். விரல் நீட்டிக் காட்டுவதே கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை, நம் பிள்ளைகளில் பலருக்கு அது தானாக வருவதில்லை. ஒரு வருடம் போகட்டும், பேச்சு தேவைப்படாத டெஸ்ட்டாக, அவனுக்குப் பழகிய ஆளை வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் வேண்டியிருக்கும். எண் குறைந்தால் சலுகை கிடைக்கும், கூடினால் பள்ளியில் இடம் கிடைக்கும் என்பது நம் நாட்டு விசித்திரம், அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியது, படம் காட்டியோ டேப்லட்டில் தொட்டோ பேச வழி செய்து கொடுப்பது. சென்னையில் உருவான அவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது. "அதைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும்" என்று யாராவது பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். அப்புறம் உங்கள் வீட்டுக்காரரிடம் அந்த கேஸ் புக் விஷயத்தைச் சொல்லுங்கள். வண்டிச் சத்தம், சிலிண்டர், புத்தகம் என்று மூன்றையும் கோத்துப் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வைத்து, இப்போது அம்மாவுக்கு இது வேண்டியிருக்கும் என்று எடுத்து வந்து நீட்டுகிறானே, அதற்கு என்ன பேர் வைக்கிறார் என்று அவரையே கேளுங்கள்.

டீச்சர், நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள 9 வயதுப் பையன் ஒருவன். நான்கு இலக்கப் பெருக்கலை மனதிலேயே போட்டுவிடுகிறான். ஆனால் பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி, "காக்கா ஏன் வாயைத் திறந்துச்சு?" என்று கேட்டால், "வடை கீழ விழறதுக்கு" என்கிறான். மற்ற ஆசிரியர்கள் "கணக்கு இவ்வளவு போடுறவனுக்கு இது தெரியாதா, நடிக்கிறான், அழுத்தக்காரன்" என்கிறார்கள். நடிக்கிறானா?
*ஆசிரியை, தர்மபுரி மாவட்டம்*

அந்தப் பதிலைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் யோசித்தால் அதில் தப்பே இல்லையே! வாய் திறந்தது, வடை விழுந்தது. நரியின் மனசுக்குள் என்ன இருந்தது, அதை நம்பிய காக்காவின் மனசுக்குள் என்ன இருந்தது என்று இரண்டு மனசுக்குள் புகுந்து பார்த்தால்தான் நாம் எதிர்பார்க்கிற பதில் வரும். நீங்கள் கேட்ட கேள்வியில் அது எதுவும் இல்லை, நாமாகச் சேர்த்துக்கொள்வது.

1985-இல் லண்டனில் இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சாலி தன் கூடையில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறாள், ஆன் அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள், குண்டு நிஜமாக இருக்கிற இடத்தை. டவுன் சின்ட்ரோம் (பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் நிலை) உள்ள 14 பிள்ளைகளில் 12 பேர் சரியாகக் கூடையைக் காட்டினார்கள். டெஸ்ட்களின்படி பார்த்தால் ஆட்டிசப் பிள்ளைகளின் மன வயதுதான், அதாவது எந்த வயதுப் பிள்ளை அளவுக்கு யோசிக்கிறார்கள் என்ற கணக்குதான், கூட. ஆக, "மூளை இருந்தால் எல்லாம் வரும், ஒன்று வந்தால் மற்றதும் வர வேண்டும்" என்ற கணக்கே இங்கே செல்லாது. பின்னாளில் இந்தப் பரிசோதனையையும் பலர் கேள்வி கேட்டார்கள், பிள்ளைகள் தடுமாறியது கேள்வியின் மொழியில்தானோ என்று. அது வேறு விவாதம்.

நம் மற்ற பிள்ளைகளுக்குத் திறமைகள் எல்லாம் ஓரளவு ஒரே மட்டத்தில் இருக்கும், சமவெளி மாதிரி. இவனுக்கு ஒரு பக்கம் மலை, பக்கத்திலேயே பள்ளம். உங்கள் சக ஆசிரியர்கள் மலையைப் பார்த்துவிட்டு, பள்ளம் பொய் என்கிறார்கள். இதே பையனுக்குக் கணக்கு வராமல் இருந்திருந்தால் பள்ளத்தைப் பார்த்துவிட்டு மக்கு என்று பின் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள்.

கற்பூர புத்தி, கரி புத்தி, வாழைமட்டை புத்தி என்று நம் பெரியவர்கள் பிரித்தது ஞாபகம் இருக்கிறதா? சட்டென்று பற்றிக்கொள்வதுதான் அறிவு என்பது அதில் உள்ள எண்ணம். வகுப்பறை இன்னமும் அந்தத் தீக்குச்சியோடுதான் நிற்கிறது. இவனிடம் கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அதற்குள் அடுத்த பையனிடம் போய்விடாதீர்கள், கேள்வியைத் திரும்பவும் வேறு வார்த்தையில் கேட்காதீர்கள், அது அவனுக்கு இரண்டாவது கேள்வி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பான். கதைக்கு, நரியின் தலைக்கு மேல் ஒரு குமிழி வரைந்து அதற்குள் வடையை வரைந்து காட்டிப் பாருங்கள். பெரிய வகுப்புக்குப் போகும்போது பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் இருக்கின்றன, பெற்றோருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கடவுள் ஏதாவது ஒரு அபாரத் திறமையைக் கொடுத்திருப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் மகளுக்கு 10 வயது. கீபோர்டு, அபாகஸ், ஓவியம், செஸ் எல்லாவற்றிலும் சேர்த்துப் பார்த்துவிட்டோம். எதிலும் ஒட்டவில்லை. அவளுக்குள் இருக்கும் மேதையை எப்படிக் கண்டுபிடிப்பது?
*தந்தை, கோயம்புத்தூர்*

ஐயா, இல்லாமல் இருந்தால் என்ன செய்வீர்கள்? கோபப்படாதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

இந்த மேதை நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவக் காரணம் 1988-இல் வந்த ரெயின் மேன் என்ற ஹாலிவுட் படம். ஆட்டிசம் உள்ள நாயகன் கீழே சிந்திய குச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்வார். 4 ஆஸ்கர் வாங்கியது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் கிம் பீக் என்ற அமெரிக்கர், ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனப்பாடமாக வைத்திருந்தவர். வேடிக்கை என்னவென்றால் கிம் பீக்குக்கு இருந்தது ஆட்டிசமே இல்லை. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புப் பாலம் அவருக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்ட திறமை ஆட்டிசம் உள்ள சிலருக்கு இருப்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலோருக்குக் கிடையாது.

இன்னொருவர் கதையைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. உலகத்திலேயே முதன்முதலில் ஆட்டிசம் என்று அடையாளம் காணப்பட்டவர் டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். பள்ளிக்கூடக் கட்டடத்தில் எத்தனை செங்கல் இருக்கிறது என்று சிறு வயதில் ஒரு பார்வையில் சொன்னார் என்று ஊரில் பல வருடமாக ஒரு கதை. வயதான பிறகு பத்திரிகைக்காரர்கள் இருவர் அவரைத் தேடிப்போய், எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டார்கள். எண்ணவே இல்லை, வாயில் வந்த எண்ணைச் சொன்னேன் என்றார். ஏன்? அந்தப் பையன்கள் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதனால்தான் என்றாராம்.

அந்த மனிதர் மேதையாக வாழவில்லை. ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார், 2023-இல் 89 வயதில் காலமானார். மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் விட்டுவிடச் சொன்னார்கள், விட்டும் விட்டார்கள், ஒரு வருடத்தில் பெற்றோர் மனசு கேட்காமல் திரும்பக் கூட்டி வந்தார்கள். ஊரும் அவரைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டது. செங்கல் கதை இல்லாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருக்குமா என்பது எனக்கு அவ்வப்போது வரும் சந்தேகம்.

உங்கள் மகளுக்கு எது பிடிக்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நாலு வகுப்பின் பெயர் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த வகுப்பும் இல்லாத ஒரு நாளில் அவள் என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அபாகஸை மட்டும் உடனே நிறுத்திவிடலாம், இது எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்வதுதான்.

எங்கள் காலத்தில் மந்தபுத்தி என்றார்கள். இப்போது ஆட்டிசம் என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறதா?
*ஒரு தாத்தா, விருதுநகர்*

இல்லை தாத்தா, இரண்டும் வேறு வேறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கின்றன, அதில் ஆட்டிசம் தனி, அறிவுத்திறன் குறைபாடு தனி. ஒருவருக்கு ஒன்று மட்டும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஆனால் குழப்பத்துக்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் அரசுத் துறை வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர். சிந்தனை அற்றவர், மதி இறுகியவர்! பெயர்ப்பலகையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இந்தப் பலகையைத் தாண்டித்தான் ஒரு அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். 1943-இல் 11 பிள்ளைகளைப் பார்த்து ஆட்டிசம் என்பதை முதலில் விவரித்த லியோ கேனர் என்ற டாக்டரே, இவர்களில் பெரும்பாலோரை மந்தம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள், ஆனால் நல்ல அறிவுத்திறன் இருக்கிறது என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய அடையாளங்களில் ஒன்று, முகத்தைப் பார்த்தாலே புத்திசாலிகளாகத் தெரிகிறார்கள் என்பது. முகத்தை வைத்து அறிவை எடை போடுகிற வியாதி அவரையும் விடவில்லை.

எனக்கு 31 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. கல்லூரியில் கோல்டு மெடல். போன வருடம்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. வீட்டில் சொன்னால் "கோல்டு மெடல் வாங்கினவளுக்கு ஆட்டிசமா, எவனோ காசு பிடுங்கிட்டான்" என்கிறார் அப்பா. ஆபீஸிலோ நேர் எதிர். மீட்டிங்கில் யாராவது திடீரென்று கேள்வி கேட்டால் எனக்கு வாய் எழாது. புதிதாக வந்த மேனேஜர் நான் எழுதிய டிசைனைப் படித்துவிட்டு "இது நிஜமா நீங்க எழுதினதா?" என்று கேட்டார். ஒரு இடத்தில் அதிபுத்திசாலி, ஒரு இடத்தில் அடிமுட்டாள். எது நான், டீச்சர்?
*பெயர் வேண்டாம், சென்னை*

அந்த மேனேஜர் கேட்டது உங்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று தெரிகிறது. ஆனால் அவர் தெரியாமலே ஒரு ஆராய்ச்சி முடிவை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசுகிற சில வினாடிக் காட்சிகளை, விவரம் சொல்லாமல் மற்றவர்களிடம் காட்டினார்கள். பார்த்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றி நல்லவிதமாக நினைக்கவில்லை, இவரோடு பழக வேண்டாம் என்றார்கள். அதே ஆட்கள் பேசிய அதே பேச்சை, முகமும் குரலும் இல்லாமல் வெறும் எழுத்தாகக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை, சொன்ன தோரணையைத்தான் எடை போட்டிருக்கிறார்கள். உங்கள் மேனேஜர் எழுத்தைப் படித்தபோது ஒரு ஆளைப் பார்த்தார், மீட்டிங்கில் வேறு ஆளைப் பார்த்தார், இரண்டையும் சேர்த்து வைக்க அவருக்குத்தான் தெரியவில்லை.

உங்கள் அப்பாவின் கணக்கும் உடைந்த கணக்குதான். ஆஸ்திரேலியாவில் 2,225 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2020-இல் எழுதினார்கள், ஐ.க்யூவை வைத்து ஒருவருக்கு அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு சிரமம் இருக்கும் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை என்று. அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களிடம்தான் ஐ.க்யூவுக்கும் அன்றாடத் திறனுக்கும் இடைவெளி அதிகம் இருந்தது. கோல்டு மெடல் வாங்கிய மூளைதான், கேன்டீன் இரைச்சலில் எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறாமல் தவிக்கும். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லியே வளர்ந்த ஊர் நம்முடையது. வாய் எழாத நேரம் எல்லாம் ஊமைக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

மீட்டிங்கில் என்ன கேட்கப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரில் கேட்டால், "அரை மணி நேரத்தில் எழுதி அனுப்புகிறேன்" என்று ஒரே வாக்கியம், பாடம் பண்ணி வைத்துக்கொண்டு, அதை மட்டும் சொல்லுங்கள். ஆட்டிசம் என்று ஆபீஸில் சொல்லலாமா என்பது உங்கள் விருப்பம், அந்த மேனேஜரிடம் நான் என்றால் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

பேசாத குழந்தைகளின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் எழுத வைக்கும் ஒரு மையத்துக்குப் போனோம். முதல் நாளே எங்கள் மகன் "அம்மா நான் உன்னை நேசிக்கிறேன், என் ஆன்மா சிறைப்பட்டிருக்கிறது" என்று எழுதினான். அழுதுவிட்டேன். மாதக் கட்டணம் அதிகம். சேர்க்கலாமா?
*பெற்றோர், திருநெல்வேலி*

வேண்டாம். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, மேலே தஞ்சாவூர் அம்மாவுக்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வந்தால் கட்சி மாறியது மாதிரி தெரியும்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தக் கைபிடிக்கும் முறை காட்டுத்தீ மாதிரி பரவியது. பிறகு ஒரு எளிய சோதனை செய்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம் காட்டினார்கள், கை பிடிப்பவருக்கு வேறு படம் காட்டினார்கள், ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. பலகையில் வந்தது பிள்ளை பார்த்த படம் இல்லை, கை பிடித்தவர் பார்த்த படம். அவர்கள் ஏமாற்றுக்காரர்களும் இல்லை, தாங்கள்தான் கையை நகர்த்துகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொண்டு நொறுங்கிப்போனவர்கள் உண்டு. 1994-இல் அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. கையைப் பிடிக்காமல் பலகையை மட்டும் முன்னால் பிடித்துக்கொள்ளும் வகையும் வேண்டாம் என்று 2018-இல் அங்குள்ள பேச்சு, செவித்திறன் நிபுணர்கள் சங்கம் சொன்னது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அந்த மையத்துக்காரருக்குத் தெரியாத, உங்கள் மகனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள், இன்று காலை என்ன டிபன், பாட்டி வீட்டு நாய் என்ன நிறம். அவர்கள் "நம்பிக்கை இல்லாமல் சோதித்தால் குழந்தை எழுதாது" என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உங்கள் மகனுக்கு அறிவில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் அறிவு அவனுடையதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். "ஆன்மா சிறைப்பட்டிருக்கிறது" என்பது முப்பது வயதுக்காரர் நடை, படித்தவுடனே தெரிகிறது. அவன் தன் கையால், தனியாக, டேப்லட்டில் "தோசை" என்று ஒரு படத்தைத் தொட்டால் அது அவன் சொன்னது.

உங்கள் பழைய பதில்களையும் படித்திருக்கிறேன். எல்லாக் குழந்தைக்கும் அறிவு இருக்கிறது என்று சமாளிக்கிறீர்கள். என் தம்பிக்கு 34 வயது, ஆட்டிசம். அவனுக்கு நிஜமாகவே புரியாது. ரேவன்ஸும் எடுத்தாயிற்று. எங்களை மாதிரி குடும்பங்களை உங்கள் பத்தி கண்டுகொள்வதே இல்லை.
*ஒரு அக்கா, சேலம்*

சரியாக அடித்தீர்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-இல் 8 வயதுப் பிள்ளைகளை வைத்து எடுத்த கணக்கில், ஐ.க்யூ விவரம் கிடைத்த ஆட்டிசப் பிள்ளைகளில் நூற்றுக்கு சுமார் 38 பேர், அறிவுத்திறன் குறைபாட்டுக்கு வரம்பாக வைக்கும் 70-லோ அதற்குக் கீழேயோ இருந்தார்கள். டெஸ்ட்களைப் பற்றி மேலே நான் சொன்ன அத்தனை குறையையும் கழித்தாலும் அந்த எண் பூஜ்யம் ஆகிவிடாது. உங்கள் தம்பி மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். "உள்ளுக்குள் மேதை" என்று நாங்கள் எழுதி எழுதி அவர்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். ஏப்ரல் 2-ஆம் தேதி, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் விழா மேடையில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைதான் நிற்கும், டயப்பர் மாற்ற வேண்டிய 34 வயதுத் தம்பி நிற்பதில்லை. அவனுக்குப் பின்னால் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், உத்தரவாக இல்லை. அவன் இருக்கும்போது அவனைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், பல வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளியில் 8 வயதுப் பையன் ஒருவன் இருந்தான், டிவி விளம்பரங்களை அப்படியே ஒப்பிப்பதைத் தவிர ஒரு வார்த்தை சொந்தமாகப் பேச மாட்டான். ஒருநாள் அவன் அம்மா, அவனுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்டார். நான் அன்றைக்குக் களைத்துப்போயிருந்தேன். அவன் மேஜைக்கு அடியில் தண்ணீர் பாட்டில் மூடியை உருட்டிக்கொண்டிருந்தான், எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இவனுக்கு இது போதும்மா, மேல எதிர்பார்க்காதீங்க" என்றேன்.

மூன்று வருடம் கழித்து வேறு பள்ளிக்குப் போய்விட்ட அவனை ஒரு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பெரியவனாகியிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து பையின் ஜிப்பை மூட முயன்றுகொண்டிருந்தான், அது பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "இவனுக்கு இது போதும்மா, மேல எதிர்பார்க்காதீங்க" என்றான். என் குரலில். எதுவும் முடியாமல் போனால் இதைத்தான் சொல்வான், எங்கே பிடித்தான் என்றே தெரியவில்லை டீச்சர் என்றார் அவன் அம்மா. கடைசியில் அந்த "ங்க"வை நான் கொஞ்சம் இழுப்பேன். அதையும் இழுத்தான்.